10 நாள் விபாசனா முகாம்: எந்த வலியை உட்கார்ந்து பார்ப்பது, எதை எழுந்துபோய்ச் சொல்வது

கட்டணம் கிடையாது. தங்கும் இடம், சாப்பாடு, பயிற்சி எல்லாமே இலவசம். ஒரு முகாமையாவது முழுதாக முடிக்காதவர் பணத்தை நீட்டினால்கூட வாங்க மாட்டார்கள். பௌத்த தியானத்தைப் புத்தகத்தில் படித்ததோடு நிற்காமல் செய்து பார்க்க விரும்பும் தமிழருக்கு இன்று எளிதில் திறக்கும் கதவு எஸ்.என். கோயங்கா மரபின் 10 நாள் விபாசனா முகாம்தான். சென்னைக்குப் பக்கத்தில் திருமுடிவாக்கத்தில் தம்ம சேது, திண்டுக்கல் மாவட்டத்தில் காந்திகிராமம் பக்கம் தம்ம மதுரா, இலங்கையில் பேராதனை அருகே ஹிந்தகலையில் ‘தம்ம கூட’ என்று மையங்கள் இருக்கின்றன. எங்கே போனாலும் கால அட்டவணை ஒன்று, பதிவுசெய்த குரல் ஒன்று, விதிகள் ஒன்று. அதனால் இந்த மதிப்புரை எந்த ஒரு மையத்தின் அறை வசதியையும் சாம்பார் ருசியையும் பற்றியதல்ல. பயிற்சி முறை எப்படி, கஷ்டம் வரும்போது அது மாணவருக்கு எவ்வளவு கைகொடுக்கிறது என்பதுதான் இங்கே கேள்வி.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். வலியிலிருந்து ஓடாமல் அதை நேராகப் பார்க்கக் கற்றுத்தருவதில் இவ்வளவு ஒழுங்காக அமைந்த பயிற்சி அரிது. ஆனால் எல்லாக் கஷ்டத்துக்கும் அது ஒரே மருந்தைத் தருகிறது. அந்த மருந்து கேட்காத கஷ்டம் எது என்று பிரித்தறியும் வேலை பெரும்பாலும் மாணவர் தலையில் விழுகிறது. அந்தப் பிரித்தறிதலை வீட்டிலேயே தெரிந்துகொண்டு போகிறவருக்கு இந்த முகாம் பெரிய நன்மை செய்யும்.

முறை ஏன் இப்படி இருக்கிறது என்பதற்கு அதன் பிறப்பில் பதில் இருக்கிறது. கோயங்கா 1924இல் பர்மாவின் மாண்டலேயில் பிறந்த மார்வாடி வணிகர். தீராத ஒற்றைத் தலைவலியோடு 1955இல் ரங்கூனில் தியான ஆசிரியர் ஊ பா கின்னிடம் போனார். ஊ பா கின் துறவியல்ல; விடுதலை பெற்ற பர்மாவின் தலைமைக் கணக்காயர். அலுவலகத்தில் லீவு எடுத்து வரும் குடும்பஸ்தர்களுக்குக் கற்பித்தவர். நாள் குறைவு என்பதால் ஒரே உத்தி, கடும் உழைப்பு, மௌனம். 1969இல் கோயங்கா இந்தியா வந்து கற்பிக்கத் தொடங்கினார். 1976இல் மகாராஷ்டிராவில் இகத்புரி மையம் வந்தது. 2013இல் அவர் இறந்த பிறகும் முகாம்கள் அவருடைய குரல்பதிவிலேயே நடக்கின்றன. நேரில் இருப்பவர் உதவி ஆசிரியர். பதிவை ஓட விடுவதும் ஐயம் தீர்ப்பதும் அவர் வேலை. உத்தியை மாற்ற அவருக்கு உரிமை இல்லை. முறையின் பலமும் பலவீனமும் இங்கேயே ஆரம்பிக்கின்றன.

10 நாள் என்பார்கள். விடுப்பு 12 நாள் போட வேண்டும். முந்தைய நாள் மதியம் போய்ப் பதிவு செய்து, போன், புத்தகம், பேனா எல்லாவற்றையும் ஒப்படைத்து, அன்று இரவே மௌனம் தொடங்கும். 11ஆம் நாள் காலை ஏழரை வாக்கில் கிளம்பலாம். காலை 4 மணிக்கு மணி அடிக்கும். 4:30 முதல் 6:30 வரை முதல் அமர்வு. பிறகு காலை உணவு. 8 முதல் 11 வரை தியானம், 11 மணிக்கு மதிய உணவு, 12 முதல் 1 வரை ஆசிரியரைத் தனியே பார்க்கலாம். 1 முதல் 5 வரை மறுபடி தியானம். 5 மணிக்குப் புதியவர்களுக்கு டீயோ பாலோ, கூடவே பழமோ பொரியோ. பழைய மாணவர்களுக்கு எலுமிச்சைச் சாறு மட்டும். 6 முதல் 7 வரை கூட்டு அமர்வு, 7 முதல் எட்டேகால் வரை கோயங்காவின் பதிவுசெய்த உரை, 9 வரை இன்னொரு அமர்வு, 9:30க்கு விளக்கணைப்பு. கூட்டிப் பார்த்தால் ஒரு நாளைக்கு 11 மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக உட்கார வேண்டியிருக்கும். உரைகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு உண்டு. விண்ணப்பிக்கும்போதே மொழியைக் குறிப்பிட்டுவிடுவது நல்லது.

விண்ணப்பத்தில் உடல்நலம், மனநலம், சாப்பிடும் மருந்து, முன்பு செய்த தியானம் பற்றியெல்லாம் கேட்பார்கள். பலர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்று மனச்சோர்வு மருந்தை, பழைய பீதித் தாக்குதலை, தூக்கமின்மையை மறைத்துவிடுகிறார்கள். நாளுக்கு 11 மணி நேரம் பேச்சில்லாமல் உட்காரும் சூழலில் மறைத்தது மேலே வரும். எதிரே இருக்கும் ஆசிரியருக்கோ அதைப் பற்றி எதுவும் தெரிந்திருக்காது. உண்மையை எழுதுங்கள். மனநல மருந்தை முகாமுக்காக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். உங்கள் மருத்துவரிடம் அட்டவணையைக் காட்டி, போகலாமா என்று கேளுங்கள். அவர் இப்போது வேண்டாம் என்றால் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். தீவிர மனநோய் உள்ளவர்களை இந்த மரபே சேர்ப்பதில்லை. அந்த விதி சரியான விதி.

போவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே காபியைக் குறைத்து வாருங்கள். நாளுக்கு மூன்று டம்ளர் டிகிரி காபி குடித்துப் பழகியவருக்கு இரண்டாம் நாள் மண்டையைப் பிளக்கும் வலி வரும்; அது காபி விட்ட வலி. அதை ஆன்மிகமாக விளக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் பயனில்லை. தூங்கும் நேரத்தையும் பத்து மணிக்குக் கொண்டுவந்துவிடுங்கள். எடுத்துப்போக வேண்டியவை: தளர்ந்த பருத்தி உடைகள், போர்வை, வாசனையில்லாத கொசுத்தைலம், டார்ச், பேட்டரி அலாரம், வழக்கமான மருந்துகள், குடை. மதியம் மூக்குப்பிடிக்கச் சாப்பிடுவது இன்னொரு பொதுத் தவறு. இரவுச் சாப்பாடு இல்லை என்ற பயத்தில் 11 மணிக்கு இரண்டு மடங்கு வாங்கிக்கொள்வார்கள். விளைவு, 1 மணி அமர்வு முழுக்கத் தூக்கம், மாலையில் வாயுத்தொல்லை. முக்கால் வயிறோடு எழுந்தால் இரண்டும் வராது. பசி மூன்றாம் நாளுக்குள் பெரும்பாலோருக்குப் பழகிவிடும். உட்கார்ந்தே இருப்பதால் மலச்சிக்கலும் வரும். தண்ணீர் நிறையக் குடித்து, இடைவேளைகளில் நடக்க வேண்டும்.

இனி உட்காருவது. இடுப்பு முழங்காலைவிட உயரமாக இருக்க வேண்டும், இரண்டு முழங்காலும் தரையையோ சின்னத் தலையணையையோ தொட வேண்டும். இந்த மூன்று ஆதாரமும் சரியாக இருந்தால் முதுகு தானாக நிமிரும். முழுச் சம்மணம் தேவையில்லை. ஒரு காலை இன்னொன்றுக்கு முன்னால் தரையில் கிடத்தினால் போதும். மண்டியிட்டு உட்கார மரப்பலகை கேட்டாலும் கிடைக்கும். முதல் நாளிலேயே உயரத்தைச் சரிசெய்து, மூன்று நாளைக்கு மாற்றாமல் விடுங்கள். வலிக்கும்போதெல்லாம் ஒரு தலையணையைச் சேர்த்துக்கொண்டே போகிறவர்களின் இருக்கை நான்காம் நாளில் ஆட்டம் காணும். அப்போது இடுப்புக்கும் சேர்த்து வேலை வரும். மூட்டுத் தேய்மானமோ முதுகுத்தண்டுப் பிரச்சினையோ இருப்பவர்கள் தயங்காமல் நாற்காலி கேட்க வேண்டும். நாற்காலியில் செய்தால் பலன் குறையும் என்று முறை எங்கும் சொல்லவில்லை.

வலியைப் பிரித்துப் பார்க்கும் கணக்கு இது. கால் மரத்துப்போவது, எறும்பு ஊர்வது போன்ற உணர்ச்சி, தொடையில் எரிச்சல், தோள்பட்டை இறுக்கம்: எழுந்து நடந்த ஓரிரு நிமிடத்தில் இவை போய்விட்டால் உட்கார்ந்து பார்க்கலாம். முழங்கால் மூட்டுக்குள்ளேயே குத்தும் வலி, எழுந்த பிறகும் நொண்டவைக்கும் வலி, வீக்கம், இடுப்பிலிருந்து பாதம் வரை மின்சாரம் மாதிரி இறங்கும் வலி, பாதத்தைத் தூக்க முடியாத தளர்ச்சி: இவை காயத்தின் அறிகுறிகள். உடனே காலை நீட்டி, அடுத்த அமர்வுக்கு முன் ஆசிரியரிடம் சொல்லி நாற்காலிக்கு மாறுங்கள். அசையாமல் இருக்கச் சொன்ன நேரமானாலும் சரி. தசைநாண் கிழிந்தால் ஆறுவதற்கு மாதக்கணக்காகும்.

முதல் மூன்றரை நாள் ஆனாபானா. மூச்சைக் கட்டுப்படுத்தாமல், வந்துபோவதை நாசித் துவாரங்களில் கவனிப்பது. கவனிக்கும் இடத்தை நாளுக்கு நாள் சுருக்கி, மேலுதட்டுக்கு மேலே, மூக்குக்குக் கீழே உள்ள சின்னப் பரப்பில் நிறுத்துவார்கள். அடிக்கடி நடக்கும் பிழை, மூச்சு சரியாகத் தெரியவில்லை என்று வேண்டுமென்றே ஆழமாக இழுத்துக்கொண்டே இருப்பது. தலைசுற்றும், விரல் நுனி மரக்கும், நெஞ்சு படபடக்கும். சில நிமிடம் மட்டும் கொஞ்சம் அழுத்தி மூச்சுவிட்டு இடத்தைப் பிடித்துக்கொண்டு இயல்பு மூச்சுக்குத் திரும்பிவிட வேண்டும். நெற்றியை இறுக்கிக் கவனிப்பது இன்னொரு பிழை, தலைவலிதான் மிஞ்சும். இரண்டாம் நாளும் ஆறாம் நாளும்தான் ஓடிவிடத் தோன்றும் நாட்கள் என்பது இந்த வட்டாரத்தில் எல்லோரும் சொல்வது. அன்று எடுக்கும் முடிவை மறுநாள் மதியத்துக்குத் தள்ளிவைத்தால் பெரும்பாலோர் தங்கிவிடுகிறார்கள்.

நான்காம் நாள் மதியம் விபாசனா. உச்சந்தலையிலிருந்து பாதம் வரை, பிறகு பாதத்திலிருந்து தலை வரை, ஒவ்வொரு பகுதியாகக் கவனத்தை நகர்த்தி அங்கே இருக்கும் உணர்ச்சியை அறிவது. சூடு, அரிப்பு, துடிப்பு, பாரம், எதுவானாலும். விரும்பத் தக்கதைப் பிடித்துவைக்கவும் கூடாது, பிடிக்காததைத் தள்ளவும் கூடாது. ஒரு சுற்றுக்கு 10 நிமிடம் வாக்கில் வைத்துக்கொண்டால் தொடக்கத்துக்கு நல்ல வேகம். ஒன்றுமே தெரியாத இடத்தில் ஒரு நிமிடம் அளவு நின்று, தெரியாவிட்டாலும் அமைதியாக நகர வேண்டும். இதோடு அதிட்டானமும் வரும்: நாளுக்கு மூன்று முறை, ஒரு மணி நேரம் கண், கை, கால் எதையும் திறக்காமல், பிரிக்காமல் இருப்பது. நாற்பதாவது நிமிடத்துக்கு மேல்தான் பாடமே. முழங்காலில் வலி ஒரு கட்டியாக நிற்கிறது என்று தோன்றும். உள்ளே பார்த்தால் அது ஒன்றல்ல. நடுவில் சூடு, ஓரத்தில் துடிப்பு, அதைச் சுற்றி இறுக்கம், இவற்றுக்கு மேலே ‘இன்னும் எவ்வளவு நேரம்’ என்ற பதற்றம். அந்தப் பதற்றம் கழன்ற நொடியில் மீதி இருப்பது தாங்கக்கூடிய அளவே என்று தெரிகிறது. பாலி மொழிப் பௌத்த நூல்தொகுப்பான சம்யுத்த நிகாயத்தின் சல்ல சூத்திரம் இதைத்தான் இரண்டு அம்பு என்கிறது: உடலில் தைத்தது ஒன்று, அதற்காக மனம் தைத்துக்கொள்வது இன்னொன்று. இரண்டாவது அம்பைப் பிடுங்கும் விதத்தைப் புரியவைப்பதில் இந்த முகாமுக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

முரண்பாடுகள் தலைகாட்டுவதும் இந்த நாட்களில்தான். ‘இது எந்தச் சமயமும் சாராதது’ என்று உரையில் திரும்பத் திரும்பக் கேட்போம். முதல் நாள் மாலையே புத்தம், தம்மம், சங்கம் மூன்றிலும் சரணம் எடுத்திருப்போம். விடியற்காலை பாலி ஓதல், அமர்வு முடிவில் ‘சாது, சாது, சாது’. சரணடைவது புத்தரின் குணங்களில் என்று விளக்கம் தருகிறார்கள். ஏற்கத் தக்க விளக்கமே. ஆனாலும் மறுபிறவி, வினை, கணத்துக்குக் கணம் தோன்றி மறையும் கலாபத் துகள்கள் என உரையின் எலும்புக்கூடு முழுவதும் பர்மியத் தேரவாத பௌத்தம். அப்படியே சொல்லிவிடுவது நேர்மையாக இருக்கும். முகாம் முடியும்வரை ஜபமாலை, மந்திரம், விரதம், வழிபாடு எல்லாவற்றையும் நிறுத்திவைக்கச் சொல்வது விதி. ஐவேளைத் தொழுகையை விடாத முஸ்லிமுக்கும், நாள் தவறாமல் பூசை செய்கிறவருக்கும் இது சின்ன விஷயமில்லை. போவதற்கு முன்பே தெரிந்து முடிவுசெய்ய வேண்டிய ஒன்று.

அடுத்த முரண் இன்னும் உள்ளே இருக்கிறது. சமநிலைதான் அளவுகோல், உணர்ச்சியின் வகை அல்ல என்கிறார் கோயங்கா. கூடவே உடல் முழுவதும் தடையின்றி ஓடும் நுண் அதிர்வு, எல்லாம் கரையும் பங்க நிலை என்று படிப்படியாக வர்ணனையும் வருகிறது. கேட்டவர் அதற்கு ஆசைப்படாமல் என்ன செய்வார்? எட்டாம் நாளில் பக்கத்து இருக்கைக்காரர் முகத்தில் அமைதியைப் பார்த்துவிட்டு, ‘எனக்கு இன்னும் முதுகு கல்லாகவே இருக்கிறது’ என்று புழுங்குகிறவர்கள் ஏராளம். சில நாட்களுக்கு ஒருமுறை உதவி ஆசிரியர் நாலைந்து பேராக முன்னால் அழைத்து, உணர்ச்சி தெரிகிறதா என்று கேட்பார். அங்கே தெரியாததைத் தெரிகிறது என்று சொல்லிவைப்பதும் சகஜம். இதற்கு நடைமுறை வழி ஒன்றுதான்: அந்த ஆசையே உடலில் எங்கே தெரிகிறது என்று பார்ப்பது. தொண்டையில் இறுக்கமாகவோ வயிற்றில் பிசைவாகவோ அது இருக்கும். கல்லாக இருக்கும் முதுகும் ஒரு உணர்ச்சிதான்.

மூன்றாவது முரணைப் பற்றி மையங்களில் அதிகம் பேசுவதில்லை. பழைய சங்காரங்கள், அதாவது சேர்ந்துபோன மனப்பதிவுகள், வலியாக மேலே வருகின்றன. எதிர்வினை காட்டாமல் பார்த்தால் ஒவ்வொன்றாகக் கரைகின்றன என்பது உரையின் மையக் கருத்து. ரதன சூத்திரத்தின் ‘பழையது தேய்ந்தது, புதியது தோன்றுவதில்லை’ என்ற வரி இதற்குச் சான்றாகக் காட்டப்படும். அந்த வரி முற்றும் விடுதலை பெற்றவர்களைப் பற்றியது. மஜ்ஜிம நிகாயத்தின் தேவதஹ சூத்திரத்தில், துன்பத்தை அனுபவித்துப் பழைய வினையைத் தீர்க்கிறோம் என்ற நிகண்டர்களிடம் (சமணர்களிடம்), எவ்வளவு தீர்ந்தது, எவ்வளவு பாக்கி என்று உங்களுக்குத் தெரியுமா என்று புத்தரே கேட்கிறார். கோயங்கா மரபினர் இதற்குச் சொல்லும் பதிலில் நியாயம் உண்டு: வலியை வலிந்து வரவழைப்பதில்லை, வந்ததற்குச் சமநிலையோடு இருப்பதே வேலை. அப்படியானாலும் கேட்பவர் மனதில் பதிவது, ‘அதிகம் வலித்தால் அதிகம் கழிகிறது’ என்பதுதான். மூட்டுக் காயத்தையும், சிறுவயதில் நேர்ந்த கொடுமையின் நினைவு பீறிட்டு வருவதையும், காபித் தலைவலியையும் ஒரே கணக்கில் எழுதிப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்காரவைப்பது இந்தக் கருத்துதான். ஒரு மணி நேரத்தைத் தாங்க உதவும் ஊகமாக மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள். உடலில் மனதில் என்ன நடக்கிறது என்பதற்கான நோயறிதலாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

புத்தர் ஒரே மருந்து தந்தவர் இல்லை என்பதும் நினைவிருக்கட்டும். விதக்கசண்டான சூத்திரத்தில் தொல்லை தரும் எண்ணத்துக்கு ஐந்து வழி சொல்கிறார். நல்லதொரு எண்ணத்தை அந்த இடத்தில் வைப்பது, அந்த எண்ணத்தின் கேட்டை எண்ணிப் பார்ப்பது, கண்டுகொள்ளாமல் விடுவது, அது கிளம்பும் விசையைப் படிப்படியாகத் தணிப்பது, கடைசியாகத்தான் பல்லைக் கடித்து அடக்குவது. நடந்து நடந்து பாதம் ரத்தம் கசிந்த சோணர் என்ற சீடரிடம், வீணை நரம்பு மிக இறுகியிருந்தாலோ மிகத் தளர்ந்திருந்தாலோ நாதம் வருமா என்று கேட்டவரும் அவரே. இன்னும் கடுமையான சான்று, சம்யுத்த நிகாயத்தின் ஆனாபானப் பகுதியில் வரும் வேசாலி சூத்திரம். உடலின் அருவருப்பைத் தியானித்த துறவிகள் பலர் தம் உயிரையே மாய்த்துக்கொண்டார்கள். தனிமையிலிருந்து திரும்பிய புத்தர் செய்தியைக் கேட்டு, சங்கத்தைக் கூட்டி, மூச்சுத் தியானத்துக்கு மாற்றினார். தியானம் சிலருக்குத் தீங்காக முடியலாம், அப்போது முறையை மாற்ற வேண்டும் என்பது புத்தரின் போதனைத் தொகுப்பான பிடகத்திலேயே இருக்கும் செய்தி.

இக்காலத்திலும் இதற்கு ஆய்வு உண்டு. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாரெட் லிண்டால், வில்லோபி பிரிட்டன் குழுவினர் மேற்கத்திய பௌத்தத் தியானிகளைப் பேட்டி கண்டு 2017இல் வெளியிட்ட ஆய்வு, தியானத்தில் நேரும் சவாலான அனுபவங்களை 7 களங்களில் 59 வகைகளாகப் பிரித்தது. பயம், தூக்கம் கெடுதல், தன்னுணர்வு குலைதல் எல்லாம் அதில் உள்ளன. ஆகவே எழுந்துபோய்ச் சொல்ல வேண்டியவை எவை என்பதைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து இரண்டு இரவு தூக்கமே இல்லாமல், களைப்பும் தெரியாமல் உற்சாகம் ஏறிக்கொண்டே போவது. இல்லாத குரல் கேட்பது. தனக்கு மட்டும் ஏதோ பெரிய பணி ஒப்படைக்கப்பட்டிருக்கிறது என்ற உறுதி. கண்ணைத் திறந்த பிறகும், நடந்த பிறகும் விலகாத பயம். சுற்றியுள்ளதெல்லாம் கனவு போல, உடம்பு தன்னுடையதல்ல என்பது போல மணிக்கணக்கில் நீடிப்பது. பழைய கொடுமையின் காட்சி திரும்பத் திரும்ப வந்து உடல் நடுங்குவது. சாகலாம் என்ற எண்ணம்.

இவற்றில் எது வந்தாலும் உடலைத் துருவிப் பார்ப்பதை அப்போதே நிறுத்துங்கள். கண்ணைத் திறந்து உள்ளங்கை, உள்ளங்கால் மட்டும் கவனியுங்கள், அல்லது இயல்பு மூச்சுக்குத் திரும்புங்கள். கொந்தளிப்பு வந்தால் இப்படிச் செய்யும்படி இந்த மரபின் ஆசிரியர்களே சொல்வார்கள். வெறும் காலோடு தரையில் நடங்கள், வயிறாரச் சாப்பிடுங்கள், அமர்வுகளைக் குறையுங்கள். 12 மணிக்கு வரிசையில் நிற்கும்வரை காத்திராமல் மேலாளரிடம் போய் ஆசிரியரை இப்போதே பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். சொல்லும்போது ‘மனசு சரியில்லை’ என்று பொதுவாகச் சொன்னால் ‘சமநிலையோடு கவனியுங்கள்’ என்ற பதிலே வரும். ‘இரண்டு இரவாகத் தூங்கவில்லை, குரல் கேட்கிறது, முன்பு இந்த மருந்து சாப்பிட்டேன்’ என்று மூன்று தகவலாகச் சொல்லுங்கள். பத்து நாளும் இருப்பேன் என்று ஒப்புக்கொண்டுதான் வந்திருப்பீர்கள்; அது உங்களைக் கட்டிப்போடும் சங்கிலி அல்ல. இருக்கச் சொல்லி வற்புறுத்தலாம். வெளியேறும் உரிமை உங்களுடையது. வீட்டுக்குப் போன் செய்து, அழைத்துப்போக ஆள் வரச் சொல்லிக் கிளம்புங்கள். இந்தியாவில் அரசின் டெலிமானஸ் உதவி எண்ணான 14416இல் தமிழிலும் மனநல ஆலோசனை கிடைக்கிறது. கிளம்பும் முன் அந்த எண்ணை வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவைப்பது நல்லது.

தமிழ்நாட்டில் அயோத்திதாசர், அம்பேத்கர் வழியே பௌத்தத்துக்கு வருகிறவர்களுக்கு இன்னொரு உரசல் காத்திருக்கிறது. துன்பத்தின் வேர் உன் எதிர்வினையில் இருக்கிறது என்று உரை சொல்கிறது. சாதியால் வரும் துன்பத்தின் வேர் எதிரே நிற்பவனிடமும் ஊர் அமைப்பிலும் இருக்கிறது. துன்பத்துக்கெல்லாம் காரணம் தனிமனிதனின் ஆசையே என்றால் சமூக அநீதிக்கு இடம் எங்கே என்ற கேள்வி அம்பேத்கர் எழுப்பிய வழியில் வருவது. பத்து நாளில் அதற்குப் பதில் கிடைக்காது. மையத்துக்குள் நடைமுறை நன்றாகவே இருக்கிறது: ஒரே வரிசை, ஒரே சாப்பாடு, அவரவர் தட்டை அவரவர் கழுவ வேண்டும், யாரும் யாருடைய சாதியையும் கேட்க வழியில்லை. தேவைப்படும்போது கடுமையாகவும் செயல்படலாம், உள்ளே வெறுப்பில்லாமல் செய் என்று கோயங்கா சொல்வதும் உரையில் உண்டு. ஆனால் அது ஓரிடத்தில் வந்துபோகும் வாக்கியம். உணர்ச்சியிடம் காட்ட வேண்டிய சமநிலையை அநியாயத்திடம் காட்ட வேண்டியதில்லை என்பதைக் கேட்பவர்தான் பிடித்துவைத்துக்கொள்ள வேண்டும்.

பத்தாம் நாள் காலை மெத்தா பாவனை (எல்லா உயிருக்கும் நல்லெண்ணம் அனுப்பும் தியானம்), பிறகு மௌனம் முடியும். பத்து நாள் அடைத்துவைத்த பேச்சு ஒரே நேரத்தில் கொட்டும். மாலைக்குள் தலை கிறுகிறுக்கும். நன்கொடை மேசையும் அன்றே. நெகிழ்ந்த மனதோடு பெரிய தொகை எழுத வேண்டாம். வீட்டுக்குப் போய் ஒரு வாரம் கழித்தும் அனுப்பலாம். வேலையை விடுவது, மணமுறிவு, துறவு மாதிரி முடிவுகளை ஒரு மாதமாவது தள்ளிப்போடுங்கள். முகாம் முடிந்த அன்றே இரவுப் பேருந்தில் பயணம், மறுநாள் அலுவலகம் என்று திட்டமிடுவது தப்பு. இடையில் ஒரு நாள் வேண்டும். காலை ஒரு மணி, மாலை ஒரு மணி என்று வீட்டில் தொடரச் சொல்வார்கள். கைக்குழந்தையும் ஷிப்டு வேலையும் உள்ள வீட்டில் அது நிற்காது. நின்றுபோனதும் குற்ற உணர்ச்சியில் எல்லாவற்றையுமே விட்டுவிடுகிறார்கள். காலை 30 நிமிடம் உட்காருவது, வாரம் ஒரு கூட்டு அமர்வுக்குப் போவது என்ற அளவில் வைத்தால் வருடக்கணக்கில் ஓடும். வேறு முறைகளைக் கலக்காதே என்ற விதி பத்து நாளுக்குச் சரியானது. ஒரே கிணற்றில் தோண்டினால்தான் ஆழம் தெரியும். அதற்குப் பிறகு அது உங்கள் தேர்வு. ஆனால் இதே மரபின் நீண்ட முகாம்களுக்குப் போக விரும்பினால் இந்த முறையை மட்டுமே பின்பற்றியிருக்க வேண்டும் என்பார்கள்.

தினமும் ஆசிரியரிடம் விரிவாகப் பேச வேண்டும் என்பவர்களுக்கு, பர்மியத் துறவி மகாசி சயாடோவின் வழிவந்த மகாசி மரபு பொருந்தும். ஒரு மணி உட்காருதல், ஒரு மணி நடை என்று மாறிமாறிப் போகும். பேட்டியில் நீங்கள் சொல்வதை வைத்து அறிவுரை மாறும். இலங்கையில் கந்துபொட மையம் அந்த வழியில் நடக்கிறது. கண்டிக்குப் பக்கத்தில் நிலம்பே இன்னும் தளர்ந்த அட்டவணை உள்ள இடம். முதன்முதலாகத் தங்கிப் பார்க்க நல்லது. கொடைக்கானல் மலையில் பெருமாள்மலையில் உள்ள ஜென் தியான மையமான போதி ஜென்டோவை 1996இல் தொடங்கியவர் ஆமா சாமி என்று அறியப்படும் யேசு சபைத் துறவி. அங்கே தங்கக் கட்டணம் உண்டு. அரை மணிக்கும் குறைவான அமர்வுகள், இடையிடையே நடை, சமயத்தை மறைக்காத பேச்சு. முழங்கால் தாங்காதவர்களும், கேள்வி கேட்டுக் கேட்டுத்தான் நகர முடியும் என்கிறவர்களும் அங்கே தொடங்கலாம்.

விபாசனா முகாமுக்கே போவது என்று முடிவுசெய்தால், இணையத்தில் பதிவு திறக்கும் தேதியைப் பார்த்து அன்றே விண்ணப்பியுங்கள். இடங்கள் சீக்கிரம் நிரம்பும். உறுதிசெய்யச் சொல்லி வரும் மின்னஞ்சலுக்குப் பதில் போடாவிட்டால் இடம் போய்விடும். போக முடியாது என்று தெரிந்ததும் ரத்து செய்யுங்கள், காத்திருப்புப் பட்டியலில் இருப்பவருக்கு அந்த இருக்கை போகும்.